20 லீற்றர் கணக்கு

இலங்கை எரிபொருளுக்குத் தவித்த 2022 ஆம் ஆண்டை நாம் எளிதில் மறப்பதற்கில்லை. அவ்வாண்டு ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது, கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று வரையறுத்தார்கள். பலருக்கு அது அசௌகரியம், எனக்கோ உயிர்க்கணக்கு. நீர்கொழும்பில் எங்களோடிருந்த அக்காவை வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கொழும்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இரண்டு பயணங்களுக்கும் 150 கிலோமீற்றர்.

என்னிடமிருந்தது 1980களின் இறுதியில் வந்த, காபரேற்றர் பூட்டிய யப்பானியக் கார். மானியின் ஊசி ஒரே கோட்டுக்குத் திரும்பும்வரை ஓடிய தூரத்தை மூன்று வாரங்கள் குறித்து வைத்தேன். லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர். அதாவது வாரத்துக்கு 120. குறைந்ததை அயல்வீட்டாரிடம் போத்தலில் இரந்து பெற்றேன்.

பெற்றோலில் கலப்படம் என்று முடிவுகட்டினேன். கட்டுரையொன்றும் எழுதத் தொடங்கினேன். தலைப்புக்கூட இட்டாயிற்று.

கராஜ் வைத்திருந்த முதியவர் யாழ்ப்பாணத்தவர். 1990களின் எரிபொருள் தடைக்குள், சில துளி பெற்றோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார் ஓட்டியவர். என் குற்றச்சாட்டைக் கேட்டுச் சிரித்தார்.

"தம்பி, எண்ணெயைப் பிறகு பாப்பம். முதல்ல நியூற்றலில் விட்டுக் காரைத் தள்ளுங்கோ."

சமதரையில் தள்ளினேன். அசைய மறுத்தது. சற்றுத் தூரம் ஓட்டிவந்து நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் காட்டச் சொன்னார். முன் இடச் சக்கரம் அடுப்பாய்க் கொதித்தது. பிறேக் பிஸ்டன் துருவேறி இறுகி, காலை எடுத்த பின்னும் தட்டைப் பற்றியபடியே இருந்திருக்கிறது. ரயர்களிலும் காற்றுக் குறைவு.

அடுத்துப் பிளக்குகளைக் கழற்றினார். நான்கிலும் உலர்ந்த கரி. ஈரமும் பிசுக்கும் இருந்தால் என்ஜின் ஒயில் எரிகிறது என்று பொருள். உலர்ந்த கரியென்றால் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் உள்ளே போகிறது என்றார். எயார் பில்ரரைத் திறந்தபோது விடை தெரிந்தது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்புவதற்கான சோக் தகடு, சூடேறிய பின்பும் பாதி மூடியே நின்றது. இணைப்பைக் கழுவிச் சீராக்கினார்.

மறுவாரம் லீற்றருக்கு ஒன்பதரை. அதே 20 லீற்றரில் 190 கிலோமீற்றர். அக்காவைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தபின்னும் மீதமிருந்தது. அயல்வீட்டாரின் போத்தலை நிரப்பிக் கொடுத்தேன்.

பிறரிடம் ஆதாரம் கேட்டே பழகிய பத்திரிகைக்காரன் நான். என் வீட்டு வாசலில் நின்ற வண்டியைத் தள்ளிப் பார்க்காமலே, முன்பின் அறியாத ஒருவரைக் குற்றவாளியாக்கத் துணிந்தேன். அக்கா இன்று இல்லை. பங்கீட்டு முறையும் 2023 இல் நிறுத்தப்பட்டது. தலைப்பு மட்டும் எழுதிய அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.