அறுபது முறை ஓர் இராவுணவு

ஆண்டி வார்ஹோலின் கடைசி ஓவியங்களைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் பேசினேன். முடிந்ததும் ஒருவர், "பாப் கலைக்கும் அந்தமானுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டார். மேடையில் இரண்டு நிமிடங்களுக்குள் அடங்காத விடை அது. இங்கே எழுதிவைக்கிறேன். நீளத்தை நண்பர்கள் பொறுத்துக்கொள்க.

மிலான் நகரத் துறவுமடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியோனார்டோ டா வின்சி 'இறுதி இராவுணவை' வரைந்தது 1495க்கும் 1498க்கும் இடையில். ஈரச் சுண்ணப்பூச்சின்மீது வரையும் மரபைக் கைவிட்டு உலர்ந்த சுவரில் தீட்டியதால், சில பத்தாண்டுகளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கியது. 1652இல் அதே சுவரில் துறவிகள் ஒரு வாயிலைத் திறந்தபோது இயேசுவின் பாதங்களும் போயின. அப்பாதங்கள் எவ்வாறு இருந்தன என்பதை இன்று பழைய நகல்களைக் கொண்டே அறிகிறோம். மூலம் இழந்ததை நகல் வைத்திருக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் வார்ஹோலிடம் வர வேண்டும்.

1984இல் அலெக்சாந்தர் அயோலாஸ் என்னும் கலை வணிகர் இப்படத்தை மறுவரைவு செய்யுமாறு வார்ஹோலைக் கேட்டார். கேட்டதற்கு மிக அதிகமாகவே வார்ஹோல் வரைந்து குவித்தார். 1987 ஜனவரியில், மூல ஓவியம் இருக்கும் தேவாலயத்துக்கு எதிரே, ஒரு வங்கியின் கட்டடத்தில் அவற்றுட் சில காட்சிக்கு வந்தன. மூலமோ அப்போது நீண்ட சீரமைப்புப் பணியில் இருந்தது. பிப்ரவரி 22 அன்று வார்ஹோல் இறந்தார்.

அவர் முன்மாதிரியாகக் கொண்டது மிலான் சுவரையன்று. பழைய அச்சுப்படிகளையும் கடைகளில் விற்கும் மலிவான உருவங்களையுமே. 'அறுபது இறுதி இராவுணவுகள்' என்ற திரை ஏறத்தாழ 10 மீட்டர் அகலம். ஒரே படம் கறுப்பு வெள்ளையில் அறுபது முறை. திரும்பத் திரும்ப அச்சிடுவதால் உருவம் பொருளிழந்து வெறும் சரக்காகிறது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். சூப்பு டப்பாக்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் வார்ஹோல் பிட்ஸ்பர்க்கின் பைசாந்தியக் கத்தோலிக்கக் கோயிலில், வரிசை வரிசையான திருவுருவங்களின் முன் வளர்ந்தவர். செபமாலை உருட்டுபவர் ஒரே மன்றாட்டை ஐம்பது முறை சொல்வது அதன் பொருளைக் கரைப்பதற்காகவா? இக்கேள்வியை எழுப்பாமல் அந்தத் திரையைப் படிப்பது அரைகுறையான வாசிப்பென்றே கருதுகிறேன்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. 1925இல் லயால்பூரில் பிறந்த கிருஷன் கன்னாவுக்கு அவர் தந்தை ஐரோப்பியப் பயணத்திலிருந்து கொண்டுவந்தது இதே ஓவியத்தின் அச்சுப்படி. சிறுவன் அதைப் பார்த்து வரைய முயன்றான். பின்னர் வங்கி வேலையைத் துறந்து முழுநேர ஓவியரானவர் (வங்கிகள் இந்தக் கதையை விடுவதாயில்லை!) கிறிஸ்துவையும் சீடரையும் தில்லித் தெருக்களின் உழைப்பாளி முகங்களோடு வரைந்தார். முதுமையில் தீட்டிய 'தி லாஸ்ட் பைட்' ஓவியத்தில் தாபா மேசையைச் சுற்றி ஹுசேன் முதலிய ஓவிய நண்பர்களையே அமர்த்தினார். அவருக்கும் தொடக்கப்புள்ளி ஒரு நகல்தான்.

இனி அந்தமான். இத்தீவுகளின் தமிழ்க் கிறித்தவ வீடுகளில் இந்தப் படத்தைக் காணாதிருப்பது அரிது. எங்கள் வீட்டுப் படம் சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. அப்போது நாங்கள் சிப்பிகாட்டில் இருந்தோம். 2004 டிசம்பர் 26, பண்டிகைக்கு மறுநாள், ஞாயிறு. வெள்ளையடிப்பதற்காக இறக்கிய படம் மாட்டப்படாமல் மேசைமேல் சாய்ந்திருந்தது. நிலநடுக்கத்தில் அப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. அன்று வயல்களில் ஏறிய கடல் பல இடங்களில் இன்றும் வடியவில்லை. படத்தின் குறுக்கே, மேசைவிரிப்புக்குச் சற்று மேலாக, ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. வீட்டுக்குள் கடல் நின்ற மட்டம் அது. கோட்டுக்குக் கீழே சீடர்களின் கால்கள் இல்லை.

அடுத்த ஆண்டே அம்மா அபர்தீன் பஜாரில் அதே படத்தைப் புதிதாக வாங்கி மாட்டினார். அதன் முன்தான் இன்றுவரை செபம். "அதே படந்தானே" என்பார். பழையதைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். புதியதை என்னிடம் அவர் 'படம்' என்பார். பழையதை 'அது' என்று மட்டும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சொல்ல என் துறையின் கலைச்சொற்களில் எதுவும் உதவவில்லை. நகல், மூலம் என்ற இரண்டுக்குள்ளும் 'அது' அடங்கவில்லை. மூன்றாம் இயல் நான்கு மாதமாக அங்கேதான் நிற்கிறது.

ஆய்வேட்டில் சேர்க்க இரண்டையும் ஒளிப்படம் எடுக்க அனுமதி கேட்டேன். புதியதை அம்மாவே துடைத்து வெளிச்சத்தில் வைத்தார். பழையதைக் கேட்டபோது, "அது தண்ணி பாத்த படம்மா, ஊருக்குக் காட்ட வேண்டாம்" என்றார். படம் எண் 14 என்று குறித்திருந்த பக்கத்தில் இப்போதைக்கு ஒரு வெற்றுச் சட்டம் இருக்கிறது.