ஓயாத சங்கு

இஸ்திரிப் பெட்டியை நீங்கள் எதற்கு உபயோகிக்கிறீர்கள், சகோதரிகளே? புடவைக்கும் சட்டைக்கும்தானே? எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி போன கார்த்திகையில் ஒரு செப்புத் தகட்டின் மேல் கால் மணி நேரம் அழுந்திக்கொண்டிருந்தது. கேட்டால், "சும்மா இரும்மா, ரோடு போடுகிறேன்" என்றான் என் பிள்ளையாண்டான்.

ரோடு யாருக்கு என்று கேட்கிறீர்களா? மின்சாரத்துக்கு!

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் பிறந்த ஊர் புதூர். கோவில்பட்டிச் சீமையில், விளாத்திகுளத்துக்கு வடக்கே இருக்கிறது. பார்த்த இடமெல்லாம் கரிசல். மழை பெய்தால் காலை விடாது. காய்ந்தால் கால் நுழைகிற அளவு வெடிப்பு விடும். ஐப்பசி மழையை நம்பி உளுந்து, பருத்தி, கம்பு, மல்லி, மக்காச்சோளம் என்று போடுவார்கள். எங்கள் அய்யாவுக்கு அங்கே நாலு ஏக்கர் புஞ்சை. வயது எழுபத்து மூன்று. "பட்டணத்துக்கு வந்துவிடுங்கள்" என்று நானும் பத்து வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன். "அங்கே வந்து எதை உழ?" என்பார்.

மழை ஏமாற்றினால்கூட அவர் பொறுத்துக்கொள்வார். காட்டுப்பன்றியைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கண்மாய்க்குள்ளும் ஆற்றுப்படுகையிலும் வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறதல்லவா, பகலெல்லாம் அதற்குள் படுத்திருந்துவிட்டு, சோளம் பால் பிடிக்கிற சமயமாகப் பார்த்து ராத்திரியில் கூட்டமாக வரும். தின்பது கொஞ்சம், சாய்த்து மிதிப்பது அதிகம். எங்கள் பக்கத்தில் பழைய புடவைகளை வேலி போல் சுற்றிக் கட்டுவார்கள். அம்மாவின் புடவைகள் பாதி இப்படித்தான் புஞ்சைக்குப் போய்ச் சேர்ந்தன. வேலியில் கரண்டை நேராகக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அது சட்ட விரோதம். மனித உயிர்களையே வாங்கியிருக்கிறது. அந்தப் பேச்சையே அய்யா எடுக்க விடமாட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி, மார்கழிப் பனியில் புஞ்சையில் குச்சில் போட்டுப் படுத்துக்கொண்டு தகரத்தைத் தட்டுவது. சென்ற வருஷம் அப்படித் தட்டித் தட்டி மார்ச்சளி பிடித்து, பதினைந்து நாள் படுக்கையில் கிடந்தார். மூன்றில் ஒரு பங்கு சோளமும் போயிற்று.

"தாத்தாவுக்குப் பதில் நான் ஒரு காவல்காரனைச் செய்து தருகிறேன்" என்று ஆரம்பித்தான் இவன்.

யாராவது நடமாடினால் உடம்புச் சூட்டைக் கொண்டே கண்டுபிடிக்கிற ஒரு சின்னக் கண். அது சொல்வதைக் கேட்டு முடிவு செய்ய ஒரு சில்லு. ஓங்கி ஊத ஒரு சங்கு. எல்லாவற்றுக்கும் சோறு போட மோட்டார் சைக்கிளில் இருக்குமே, அந்த மாதிரி 12 வோல்ட் பாட்டரி. இவற்றை ஒன்றோடொன்று சேர்ப்பதற்குத்தான் செப்புத் தகடு.

பழைய நாள் ரேடியோவைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சேமியா உப்புமா மாதிரி கம்பிகள் பின்னிக் கிடக்கும். அத்தனையும் கையால் பற்றவைத்தவை. 1936-ல் இங்கிலாந்தில் குடியேறியிருந்த பால் ஐஸ்லர் என்ற ஆஸ்திரியர், கம்பிக்குப் பதில் பலகை மேலேயே செப்புப் பாதைகளை அச்சடித்து ஒரு ரேடியோ செய்து காட்டினார். அதன் பேரன், கொள்ளுப்பேரன்தான் இன்று உங்கள் செல்போனுக்குள்ளும் வாஷிங் மெஷினுக்குள்ளும் உட்கார்ந்திருப்பது.

இதை வீட்டிலேயே செய்யலாம் என்பது எனக்கு இவன் செய்தபோதுதான் தெரிந்தது. ரிச்சி தெருவில் செப்புப் பூசிய பலகை வாங்கினான். பாதைகளின் படத்தைப் பளபளப்பான பத்திரிகைத் தாளில் லேஸர் பிரிண்டரில் அச்சிட்டான். (என் பழைய தீபாவளி மலர் ஒன்று இதில் காலி!) தாளைப் பலகை மேல் கவிழ்த்து இஸ்திரி போட்டால், கறுப்பு மை உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்துவிட்டு, பெரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்ட வேண்டும். மை மூடிய இடம் தப்பிக்கும், மற்றச் செம்பெல்லாம் கரைந்து போகும். எவர்சில்வர் பாத்திரத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அதையும் தின்றுவிடும். பிளாஸ்டிக் தட்டுத்தான் சரி. மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது. என் நீலப் புடவையில் ஒரு கை தெறித்தது. கறை, துருப்பிடித்த நிறம். எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. அன்றைக்கு அவனை நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

பலகை என்னவோ அழகாகத்தான் வந்தது. எறும்பு ஊர்ந்த தடம் போல் மெல்லிய கோடுகள், ஒன்றோடொன்று இடிக்காமல் வளைந்து வளைந்து. சங்குக்குப் பதிலாக ஒரு சின்னப் 'பீப்' ஒலியை மாட்டி, கூடத்தில் நாங்கள் நடக்க நடக்கச் சோதித்தான். நடந்தால் கத்திற்று, நின்றால் நின்றது. எனக்கே பெருமையாகப் போய்விட்டது.

மார்கழி விடுமுறையில் ரயிலேறி, விடியற்காலை கோவில்பட்டியில் இறங்கி, அம்மாவுக்குக் கடலை மிட்டாயும் இவனுக்குப் பாட்டரியும் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தோம். சாயங்காலமே பன்றித் தடத்தைப் பார்த்து யந்திரத்தை நட்டான். "இன்றைக்கு நீங்கள் வீட்டில் படுங்கள் அய்யா" என்று கெஞ்சி, ஏறக்குறைய கையைப் பிடித்தே கூட்டி வந்தேன்.

பத்து மணி இருக்கும். புஞ்சைப் பக்கமிருந்து சங்கு கிளம்பிற்று பாருங்கள், பழைய ஆலைச் சங்கு தோற்றுப்போக வேண்டும்! அய்யா எழுந்து உட்கார்ந்து, "ஏலேய் பேராண்டி, கெட்டிக்காரன்லே!" என்று சிரித்தார். சங்கு ஓய்ந்தது. உடனே மறுபடி கிளம்பிற்று. மறுபடி, மறுபடி. 'எத்தனை பன்றி வந்தாலும் விடாது போலிருக்கிறது' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே தூங்கிப் போனோம்.

காலையில் போய்ப் பார்த்தால், முப்பது நாற்பது வரிசை தரையோடு தரை. பாட்டரி செத்துக் கிடந்தது. ஆளே இல்லாமல் தானாக ஊதி ஊதி நடு ராத்திரிக்குள் தீர்ந்துபோயிருக்கிறது. அதற்கப்புறம்தான் பன்றிகள் நிம்மதியாக வந்திருக்கின்றன.

அய்யா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, பிழைத்த கதிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் நான்தானே? பிள்ளை வரப்பில் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அய்யா தகரத்தையும் கம்பளியையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

அம்மாதான் சொன்னாள், "அந்த ரேடியோக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டேன்" என்று. ஒரு காலத்தில் திருவிழாவுக்கெல்லாம் மைக் செட் கட்டிய பெரியவர். கண் பார்வை கொஞ்சம் மங்கல். பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கரண்டு போகிற வழியைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கீக. அது திரும்பி வருகிற வழியைப் பார்த்தீகளா?" என்றார்.

விஷயம் இவ்வளவுதான், சகோதரிகளே. உங்கள் வீட்டில் மாடித் தொட்டியிலிருந்து ஒரே மெல்லிய குழாய் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியலறையில் யாராவது ஷவரைத் திறந்தால், அடுக்களைக் குழாய் நூலாகிவிடும் அல்லவா? மின்சாரமும் அப்படியே. பாட்டரியிலிருந்து புறப்பட்டால் போதாது, திரும்பிப் பாட்டரிக்கே வந்து சேரவேண்டும். இவன் போட்ட திரும்புகிற பாதை கால் மில்லிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் நீளம். செம்பின் கனமோ 35 மைக்ரான்தான். அதற்கு 0.2 ஓம் தடை உண்டு. சங்கு இழுப்பது 2 ஆம்பியர். பெருக்கினால் 0.4 வோல்ட் அந்தப் பாதையிலேயே விழுந்துவிடுகிறது. அதே பாதையில்தான் அந்தச் சின்னக் கண்ணும் கால் ஊன்றி நிற்கிறது. சங்கு ஊதும்போதும் நிற்கும்போதும் அதன் காலடித் தரை ஏறி இறங்குகிறது. 'ஐயோ, யாரோ வருகிறார்கள்' என்று அது மறுபடி சொல்ல, மறுபடி சங்கு!

அப்படியானால் பட்டணத்தில் ஏன் ஒழுங்காக வேலை செய்தது? அந்தப் 'பீப்' இழுத்தது ஆம்பியரில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். சொம்பு மொண்டால் குழாய்க்குத் தெரியவா போகிறது?

பெரியவர் பிளேடால் அந்தப் பாதையை இரண்டு இடத்தில் வெட்டினார். சங்குக்குப் பாட்டரியின் இரு முனைகளிலிருந்தும் தனியாகத் தடித்த கம்பி இழுத்தார். சில்லும் கண்ணும் வேறு பாதை. எல்லாம் பாட்டரி முனையில் மட்டுமே சந்திக்கலாம், நடுவில் எங்கேயும் கூடாது. மைக் செட்டில் இதைத் தவறாகப் போட்டால் கச்சேரி முழுக்க 'ஹம்' என்று இரையுமாம். அப்புறம் சில்லின் கால் பக்கத்திலேயே 0.1 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்று வைத்தார். அடுப்பங்கரையில் கை எட்டும் இடத்தில் சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்வோமே, அது மாதிரி. திடீரென்று தேவைப்பட்டால் தொட்டி வரை ஓட வேண்டாம்.

காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு பொட்டலம் கடலை மிட்டாயை மட்டும் வைத்துக்கொண்டார்.

அன்று இரவு அய்யா தகரத்தோடு புஞ்சைக்குப் போகத்தான் செய்தார். இவனும் கூடப் போனான். நான் வாசலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்குச் சங்கு கிளம்பிற்று. அரை நிமிஷம். நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். அறுபது வரை எண்ணினேன். ஊதவில்லை! ஒரு மணிக்கு மேல் இன்னொரு தரம் ஊதிற்று, நின்றது. தகரச் சத்தம் கேட்கவே இல்லை. காலையில் பேரனும் தாத்தாவும் ஒரே கம்பளியில் வந்தார்கள்.

பட்டணம் திரும்பியதும் இவன் புதுப் பலகை செய்தான். சங்குப் பாதை இந்தத் தடவை மூன்று மில்லிமீட்டர் அகலம். இப்போது வீணாவது 0.03 வோல்ட்தானாம். இஸ்திரிப் பெட்டியை நானே பிடித்தேன். அய்யா தை மாதம் முழுவதும் வீட்டில்தான் படுத்தார். முழு நம்பிக்கை வந்துவிடவில்லை. சங்கு ஊதினால் எழுந்து உட்கார்ந்து, அது நின்ற பிறகுதான் படுக்கிறார் என்று அம்மா போனில் சொன்னாள்.

அந்தக் கறைப் புடவையையும் ஊருக்கு அனுப்பிவிட்டேன். சங்கு இருந்தாலும் வேலிக்குப் புடவையும் வேண்டுமாம்.