பாம்பாறு சோலையில் ஒரு மழைநாள்

ஐப்பசி அடைமழையில் தன்னந்தனியாகக் கொடைக்கானல் புறப்பட்ட என்னை வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள். ராஜமையரும் சுப்பிரமணிய சிவாவும் பிறந்த ஊர். ஆளை எடைபோடத் தெரிந்த ஊர்தான்!

சுமார் 1,000 அடி உயரத்திலிருந்து 7,000 அடிக்கு ஏறுகிறது பாதை. வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சி, 1863-இல் லெவிஞ்சு துரை அமைத்த ஏரியின் மிகுதி நீரைச் சுமந்து, இரைந்து கொட்டியது. பிரயாணிகள் பெரும்பாலும் அதோடு திருப்தியடைந்து விடுகிறார்கள். என் நோக்கமோ மலைமேலுள்ள பாம்பாறு சோலை.

அடாடா, சோலைக்குள் மழையே வேறு! குட்டை மரங்களின் இலைக்கூரையில் விழுந்த நீர், கிளைப்பாசியில் ஊறி, சருகு மெத்தையில் இறங்கி, சந்தடியின்றி மண்ணுக்குள் மறைகிறது. அருகிருந்த புல்வெளிகளும் இவ்வாறே நீரைச் சேமித்தவை. மஞ்சளாறு முதலிய ஆறுகள் இம்மலையில் பிறந்து, கீழ்நாட்டு வயல்களைக் காப்பாற்றுகின்றன.

வெளியே வந்தால் எங்கும் வாட்டில் மரம்! தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இனம். புல்வெளிகளை விழுங்கிவிட்டது. 12 ஆண்டுகளுக்கொரு முறை மலர்ந்து, 2018-இலும் பூத்த குறிஞ்சிக்கு இடம் சுருங்கிற்று. 2013-இல் இவ்வனம் சரணாலயமாயிற்று. ஆனால், அந்த வாட்டில் நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்திருக்கக் கண்டேன். மரங்களை வெட்டுவதா, விடுவதா என்று அறிஞர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.