வேம்பு நிழலில் வண்டி, தார்ப்பாயில் பிசின்

ஆடி பிறந்துவிட்டால் சங்கரன்கோவிலுக்கு எந்தச் சாலையில் வந்தாலும் வண்டிகள்தான் முதலில் கண்ணில் படும். ராஜபாளையம் சாலை, கழுகுமலை சாலை, புளியங்குடி சாலை என்று எல்லாப் பக்கமும் வேன், லோடு ஆட்டோ, டிராக்டர். கோமதி அம்மன் தபசுக்குக் கொடியேறி 12 நாள் திருவிழா. கரிசல் காட்டு சனம் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய், பூ என எதையாவது அம்மனுக்குச் சூறை விடக் கொண்டுவரும். திரும்பும்போது மடியில் ஒரு பொட்டலம் புற்றுமண் இருக்கும்.

இத்தனை வண்டிகளும் எங்கே நிற்கும்? ஆடி வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கிற ஊரில், கிடைத்த நிழலில்தான். அந்த நிழல் பெரும்பாலும் வேம்பு. வண்டிக் கூண்டின் மேல் போட்ட தார்ப்பாயை ஒரு பக்கம் இழுத்து மரத்தில் கட்டி, கீழே பாய் விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்துவிட்டால் இரண்டு நாளைக்கு அதுதான் வீடு. உள்ளூர் டீக்கடைக்காரர்கள் மட்டும் எச்சரிப்பார்கள்: "அண்ணாச்சி, வண்டியக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. வேம்பு கொட்டும்."

ஆனியும் ஆடியும் வேப்பம்பழம் உதிரும் காலம். பழச் சதையின் பசை, கிளையில் கசியும் பிசின், அதன்மேல் செம்மண்ணும் கரிசல் தூசியும் என்று தார்ப்பாய் ஒரே வாரத்தில் கருத்துப் போகும். திருவிழாவுக்கு வராத தார்ப்பாய்க்கும் இதே கதிதான். வேப்பமுத்து பொறுக்க மரத்தடியில் விரிப்பது அதைத்தான், அறுவடையில் உளுந்தும் மக்காச்சோளமும் காயவைப்பதும் அதில்தான்.

அழுக்கை எடுக்க மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்ட் கடைத் தின்னர் என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றுவதுதான் தப்பு. பாலித்தீன் தார்ப்பாயின் மேல்பூச்சு இதனால் இளகி, ஒட்டுகள் விட்டுப்போகும். பழைய கித்தான் படுதாவுக்கு இன்னும் கேடு. அதில் தண்ணீர் இறங்காமல் காப்பது மெழுகுப் பூச்சு. மண்ணெண்ணெய் அந்த மெழுகையே கரைத்துவிடும். ஆடியில் செய்த இந்தக் காரியம் ஐப்பசி மழையில்தான் தெரியும். மூட்டைமேல் போட்ட படுதா ஒழுகி, அடியில் தானியம் முளைகட்டிக் கிடக்கும். ஒழுகாவிட்டாலும் மண்ணெண்ணெய் வாடை உளுந்தில் ஏறினால் வியாபாரி விலையைக் குறைக்க வேறு காரணம் தேட வேண்டாம்.

வேம்புப் பிசினுக்கு மண்ணெண்ணெய் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. வேம்பு, கருவேலம், முருங்கை ஆகியவற்றின் பிசின் நீரை உறிஞ்சி இளகும் வகை. நனைத்த சாக்கை அதன்மேல் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் ஊறி, வழுவழுப்பாகிவிடும். தேங்காய் நாராலோ மரச் சிராயாலோ லேசாகத் தள்ளினால் வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் வேலை இன்னும் சுருக்கு. கத்தியால் சுரண்டுவது கூடவே கூடாது. பழச் சதைக்கும் இதே வைத்தியம்தான், காய்வதற்குள் கழுவினால் சாக்குகூட வேண்டாம்.

மேற்கே மலையடிவாரத்தில், புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் போனால் கதை மாறும். அங்கே மாவும் பலாவும் உண்டு. மாங்காய்க் காம்பில் வடியும் பாலில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் தண்ணீர் ஊற்றினால் முழுதாகப் போகாது. அது தோலையும் பொசுக்கும் என்பது காய் பறிக்கிறவர்களுக்குத் தெரியும். பலா, ஆல், அத்தி மரங்களின் பால் ரப்பர் மாதிரி இழுபடும். பலாப்பழம் அறுக்கும் பெண்கள் கையில் தேங்காய் எண்ணெய் தடவுவது ஏனோ, அதே காரணம்தான் இங்கேயும். பாலித்தீனில் ஒட்டிய பாலின்மேல் எண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்துத் துணியால் துடைக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசையைக் கட்டாயம் போக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே அதில் தூசி அப்பும். கித்தானுக்கு எண்ணெயும் ஆகாது, சோப்பும் ஆகாது. நிழலில் உலரவிட்டு, இறுகியதும் விரலால் உதிர்த்து, மென்மையான பிரஷும் பச்சைத் தண்ணீரும் போட்டுத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கறை நின்றால் நிற்கட்டும். கறை ஒழுகாது.

எந்த வகைப் பிசின் என்று தெரியாவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஒட்டியதில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டு ஒரு மணி நேரம் பார்க்கலாம். ஊறிக் கொழகொழத்தால் தண்ணீர் வைத்தியம். மெழுகுபோல அப்படியே கிடந்தால் எண்ணெய் வைத்தியம். செல்போன் வீடியோக்களில் வெளிநாட்டார் வண்டிக் கூடாரத்தில் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதைப் பார்த்துவிட்டு இங்கே செய்கிறவர்களும் உண்டு. அங்கே சொட்டுவது பெரும்பாலும் பைன் மரத்துக் குங்கிலியம். கொடைக்கானலில் வண்டி நிறுத்தினவருக்கு அது பொருந்தும், கரிசல் காட்டு வேம்புக்குப் பொருந்தாது.

பிசினே இல்லாமலும் வண்டி பிசுபிசுக்கும். மா பூக்கும் தை, மாசியில் தத்துப்பூச்சியும், மற்ற மரங்களில் அசுவினியும் மாவுப்பூச்சியும் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைத் தூறலாகச் சிந்தும். சில நாளில் அதன்மேல் கரும்பூஞ்சாணம் படர்ந்து கூரையும் தார்ப்பாயும் கரிபூசியது போலாகும். இது வெறும் சர்க்கரைப் பசை; கூரைக்கும் பாலித்தீனுக்கும் சோப்புத் தண்ணீர் போதும். ஆனால் மரத்தைக் கவனிக்காமல் கூரையை மட்டும் கழுவினால் அடுத்த வாரமும் கழுவ வேண்டியதுதான். இலையின் அடிப்பக்கம் பார்த்து, எறும்பு ஏறும் கிளைகளைக் கண்டுபிடித்தால் பூச்சி இருக்கும் இடம் தெரிந்துவிடும். வேம்பின் இளங்குச்சியில் வழக்கத்துக்கு மாறாகப் பிசின் கசிந்து, நுனி காய்ந்து வந்தாலும் சந்தேகப்பட வேண்டும். தேயிலைக் கொசு குத்திய இடத்தில் அப்படிக் கசியும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பிசின் இருந்தால் மேலே ஏறவும் வேண்டாம், உலர்ந்த நிலையில் தேய்க்கவும் வேண்டாம். ஓடு உடைந்து ஆள் விழுவது ஒருபுறம், தேய்க்கும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலுக்கு ஆகாது. கீழே நின்று குழாயில் தண்ணீர் அடித்து, போகிற மட்டும் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

கழுவிய தார்ப்பாயை ஈரத்தோடு மடித்தால் மடிப்பில் பூஞ்சாணம் பிடிக்கும். நாள் கணக்கில் வெயிலில் விட்டாலும் பாலித்தீன் நொறுங்கும். காலையில் கழுவி, கொடியில் இரண்டு பக்கமும் உலர்த்தினால் சங்கரன்கோவில் ஆடிக் காற்றுக்கு மதியத்துக்குள் காய்ந்துவிடும். நான்கு மூலையையும் கட்டிவைக்காவிட்டால் பக்கத்துக் காட்டில் போய்த்தான் எடுத்துவர வேண்டும்.