பிரெவ்லாகா யாருடையது?

குரோவேஷியாவின் தென்கோடியில் கடலுக்குள் ஒடுங்கி நீள்கிறது பிரெவ்லாகா. ஊர் கிடையாது, குடியிருப்பு கிடையாது. இந்தத் துண்டு நிலத்துக்காக ஐ.நா. பாதுகாப்பு சபை பத்தாண்டுகள் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தது. குரோவேஷியாவுக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் இடையிலான அந்தத் தகராறின் வேரைத் தேடித்தான் அங்கே போனேன்.

விட்டாலினா கிராமத்தைத் தாண்டினால் மரங்களும் பாறையும்தான். முனையில் ஓஷ்ட்ரோ கோட்டை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியர் கட்டியது. அங்கே நின்றதுமே பாதிக் காரணம் விளங்கிவிட்டது. எதிரே கடல் நடுவில் மாமுலா தீவு, அதிலும் ஆஸ்திரியக் கோட்டை. அதற்கப்பால் மொண்டெனேக்ரோ கரை. இதுதான் கோட்டோர் வளைகுடாவின் வாசல். முனையைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாமல் ஒரு கப்பலும் உள்ளே நுழைய முடியாது.

மீதிக் காரணம் பழைய வரலாற்றில் இருக்கிறது. இன்றைய டுப்ரோவ்னிக், அன்று ரகூசா என்ற சிறு வணிகக் குடியரசு. 15ஆம் நூற்றாண்டில் அது, பிரெவ்லாகாவை முனையாகக் கொண்ட கொனாவ்லே பகுதியை விலை கொடுத்து வாங்கியது. 1687இல் பக்கத்து ஹெர்செக் நோவியை வெனிஸ் பிடித்ததும் ரகூசாவுக்கு அச்சம் வந்தது. வெனிஸோடு எல்லை தொடவே கூடாது என்று, 1699 உடன்படிக்கையில் இடையில் இருந்த சுத்தோரினா என்ற ஒரு கீற்று நிலத்தை ஒட்டோமான் துருக்கியரிடமே விட்டது. படை பலம் இல்லாத ஓர் அரசு தன்னைக் காத்துக்கொண்ட இந்த சாமர்த்தியம் என்னை வியக்க வைத்தது. பிரெவ்லாகா ரகூசாவின் கடைசி முனையாக நின்றது.

பின்னர் ஆஸ்திரியா, அதன்பின் யூகோஸ்லாவியா என்று இரு பக்கமும் ஒரே ஆட்சிக்குள் வந்ததால் கேள்வியே எழவில்லை. 1945க்குப் பிறகு முனை குரோவேஷியக் குடியரசில் இருந்தாலும், அங்கே இருந்தது ராணுவம். 1991இல் நாடு உடைந்தபோது யூகோஸ்லாவியக் கடற்படைக்கு மிஞ்சிய பெரிய தளம் இந்த வளைகுடாதான். அதன் வாசலை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் 1992 அக்டோபரில் யூகோஸ்லாவியப் படை விலகியது, ஐ.நா. பார்வையாளர்கள் வந்தார்கள். ‘இது எல்லைத் தகராறு’ என்றது யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேட். ‘நிலம் எங்களுடையது, பேச வேண்டியது பாதுகாப்பைப் பற்றி மட்டும்’ என்றது குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெப். 2002 டிசம்பர் 10இல் ஒரு தற்காலிக ஒப்பந்தம் ஆனது. அந்த மாதமே பார்வையாளர்கள் கிளம்பிவிட்டார்கள்.

ரகூசாவின் எல்லையையும் 1945க்குப் பிந்தைய குடியரசு எல்லையையும் சேர்த்துப் பார்த்தால், நிலத்தைப் பொறுத்தவரை குரோவேஷியாவின் பக்கமே நியாயம் என்பது என் முடிவு. உண்மையில் தீராதது கடல் எல்லைதான். குரோவேஷியா 2009இலும், யூகோஸ்லாவியாவின் இடத்தில் இப்போது மறுதரப்பாக நிற்கும் மொண்டெனேக்ரோ 2017இலும் நேட்டோவில் சேர்ந்துவிட்டன. வாசலைக் காவல் காக்க வேண்டிய பழைய காரணம் இரு தரப்புக்கும் இல்லை. அந்தத் தற்காலிக ஒப்பந்தத்துக்குப் பதிலாக நிரந்தரக் கடல் எல்லை ஒன்றை இனியாவது அவர்கள் வரைய வேண்டும்.