பூனை சோபாவுல போயிடுதா? அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வீட்டுப் பூனை சோபாவுல, மெத்தையில ஒண்ணுக்குப் போயிடுது, என்ன பண்றதுன்னு தவிக்கிறவங்களுக்காக இந்த நீண்ட இழை. நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர், கால்நடை மருத்துவர் இல்ல. ஆனாலும் இதை நான் எழுத ஒரு காரணம் இருக்கு.

1. திருப்புட்குழியிலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. காஞ்சிபுரம் பக்கத்துல, பெங்களூரு ஹைவேயை ஒட்டின ஊர். வீட்டுல பட்டுத்தறி. முன்கையில மூணு கோடு, ரத்தம் கசிஞ்சிருந்தது. "பூனை பிராண்டிடுச்சு சார், ஒரு ஊசி போட்டுடுங்க."

2. ஏம்மா பிராண்டுச்சுன்னு கேட்டேன். எலி பட்டு நூலைக் கடிச்சிடும்னு வளர்த்த பூனையாம். "மூணு நாளா சோபாவுல போவுது சார். நேத்து முதலாளி குடுத்த பட்டு நூல் மேலயே போயிடுச்சு. அடிச்சா, வேணும்னே மறுபடி அங்கேயே வந்து உக்காருது. பழி வாங்குது சார். வீட்டுக்காரரு சாக்குல கட்டி ஹைவேயில விட்டுட்டு வரேன்னு நிக்கிறாரு." நூல் வீணாப் போனா கூலியிலதானே பிடிப்பாங்க? அவங்க கோபம் எனக்குப் புரிஞ்சது.

3. ரெண்டே கேள்வி கேட்டேன். ஆணா, பெண்ணா? "ஆண் சார்." எவ்வளவு போவுது? "சொட்டு சொட்டாத்தான். முக்கி முக்கி உக்காருது, கத்துது. காலையிலேர்ந்து அதுவும் வரல."

4. இதையே அவங்க அப்பாவைப் பத்திச் சொல்லியிருந்தா நான் உடனே எழுந்திருப்பேன். ப்ராஸ்டேட் வீங்கின பெரியவருக்கு நீர் அடைச்சா எப்படித் துடிப்பாரோ, அதேதான் இது. ஆண் பூனைக்கு நீர் வெளியேறும் குழாய் ரொம்பக் குறுகல். சிறுநீர்ப்பை அழற்சியில வர்ற சளி, சின்னச் சின்னப் படிகம் போதும், அடைச்சிடும். அடைச்சா பொட்டாசியம் ரத்தத்துல ஏறும், இதயம் தடுமாறும். முழுசா அடைச்ச பூனை ரெண்டு மூணு நாள்ல செத்துப்போயிடும்.

5. "அம்மா, இது பழி இல்ல, வலி. இன்னிக்கே மாட்டு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க"ன்னு சொன்னேன். போனாங்க. மயக்கம் குடுத்து, கதீட்டர் போட்டு நீரை எடுத்தாங்க. பூனை பிழைச்சது. அடுத்த தடவை தடுப்பூசிக்கு வந்தப்போ அந்தம்மா சொன்னது: "அடிச்சுட்டேனே சார், அதைத்தான் தாங்க முடியல."

6. அப்போ ஏன் சோபா? வழக்கமாப் போற இடத்துல வலிச்சதால, அந்த இடம்தான் வலிக்குதுன்னு பூனை நினைச்சுக்குது. மெத்துனு இருக்குற வேற இடம் தேடுது. அவ்வளவுதான். அடிச்சா பயம் கூடும், பயம் கூடினா இந்த அழற்சியும் கூடும்.

7. அதனால திடீர்னு இடம் மாறிப் போற பூனையை முதல்ல கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க. அடிக்கடி உக்காருது, கத்துது, ரத்தம் வருது, அந்த இடத்தையே நக்குதுன்னா அன்னிக்கே. சொட்டுகூட வரலன்னா அந்த நிமிஷமே கிளம்புங்க.

8. நோய் இல்லன்னா மண் தட்டைப் பாருங்க. எத்தனை பூனையோ, அதைவிட ஒரு தட்டு கூட வேணும். பூனை திரும்பி நிக்கிற அளவு பெருசா இருக்கணும். சோறு வைக்கிற இடத்துலயும், தறிச்சத்தம், வாஷிங் மெஷின் பக்கத்துலயும் வைக்காதீங்க. தினமும் அள்ளிடுங்க. நாறுற கக்கூஸுக்கு நாமளும்தான் போக மாட்டோம்!

9. நின்னுக்கிட்டே வாலைத் தூக்கி சுவர்ல பீச்சுதா? அது எல்லை குறிக்கிறது. கருத்தடை பண்ணினா பெரும்பாலும் நின்னுடும். பழக்கமா ஆகுறதுக்கு முன்னாடியே பண்ணிடுறது நல்லது.

10. நாத்தம் போகலன்னா பூனை அங்கேயே திரும்பி வரும். மூத்திரத்துல இருக்குற யூரிக் அமிலம் வெறும் தண்ணியில கரையாது. சோபாவுக்கு என்சைம் கிளீனர் வாங்கி, ஊற விட்டுத் துடைங்க. பட்டுக்கு மட்டும் அது வேணாம். பட்டும் புரதம்தான், சில என்சைம் இழையையே அரிச்சிடும். பச்சத் தண்ணியில ஒத்தி எடுங்க. ப்ளீச்சிங் பவுடர் பட்டைத் தின்னுடும். மூத்திரத்தோட அது சேர்ந்தா வர்ற புகை உங்க நுரையீரலுக்கும் ஆகாது.

11. பினாயில், டெட்டால் ஊத்திக் கழுவாதீங்க. அந்த வகை ரசாயனத்தைப் பூனையோட கல்லீரலால முறிக்க முடியாது. பாதத்துல ஒட்டினதை நக்கினாலே ஆபத்து. இதே காரணத்தாலதான் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். "வலிக்குதே, பாவம்"னு அரை மாத்திரை குடுத்தாகூட உயிர் போயிடலாம்.

12. இப்போ என் வேலை. பூனை பிராண்டினா, கடிச்சா, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு மருத்துவமனைக்கு வாங்க. வெறிநோய்த் தடுப்பூசி எல்லாத் தவணையும் போடணும். ரத்தம் வந்திருந்தா காயத்துலயே போடுற இம்யூனோகுளோபுலினும் வேணும். கர்ப்பமா இருக்குறவங்க மண் தட்டைத் தொட வேணாம், டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். அந்தக் கிருமி தொத்துற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால வேற யாராவது தினமும் அள்ளிட்டா ஆபத்து குறையும். இதுக்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்ல.

13. வளர்த்த பிராணியைப் பசியில துடிக்கிற மாதிரி தெருவுல விட்டுட்டு வர்றது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

14. திருப்புட்குழியில விஜயராகவப் பெருமாள் கோயில் இருக்கு, 108 திவ்யதேசங்கள்ல ஒண்ணு. அடிபட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் மகனா நின்னு ஈமக்கடன் செஞ்ச இடம்னு தலபுராணம். பேரே புள்ளுக்குக் குழின்னுதான். ஜடாயுவாவது யார் தன்னை வெட்டினதுன்னு சொல்லிட்டுச் செத்தது. உங்க வீட்டுப் பூனைக்குப் பேச வராது. சோபாவுல போற அந்த நாலு சொட்டுதான் அது சொல்ற சேதி. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. பூனை வளர்க்குற யாரையாவது தெரிஞ்சா இதை அவங்களுக்கும் அனுப்பிடுங்க.