அப்பாவின் சாகாவும் கால் தொட்டி பெட்ரோலும்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து யோங் பெங்குக்குள் இறங்கும் வளைவில் காடி அணைந்துவிட்டது. பக்கத்தில் அம்மா. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. மீட்டரைப் பார்த்தேன், கால் தொட்டி பெட்ரோல் இருந்தது. லோரிக்காரர் ஹாரனை அழுத்தியபடியே நூலிழையில் ஒதுங்கிப் போனார். ஓரமாக உருட்டி நிறுத்தி சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் இயந்திரம் உடனே பிடித்துக்கொண்டது.

"அப்பா ஓட்டினப்போ ஒரு நாளும் இப்படி நின்னதில்லையே" என்றார் அம்மா.

அந்தக் காடி அப்பா வாங்கிய 1986ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா. 1985 ஜூலையில் முதல் தேசியக் கார் என்று சாகா வெளிவந்தபோது, அதை வாங்கியே தீருவது என்று முடிவெடுத்த ஆயிரக்கணக்கான குடும்பத் தலைவர்களில் அவரும் ஒருவர். மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் இயந்திரம், கார்புரேட்டர். அவர் காலமான பிறகு வீட்டு முன்கூடத்தில் துணி போர்த்திக் கிடந்தது. கார்புரேட்டர் மக்கர் செய்யவும், வீரா 1.5 காடியின் இன்ஜெக்‌ஷன் இயந்திரத்தை ஹாஃப் கட் கடையில் வாங்கிப் பொருத்தலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். இயந்திரம், வயரிங், இசியூ, புஸ்பாகோம் சோதனை, ஜேபிஜே பதிவில் இயந்திர எண் மாற்றம் என்று எல்லாவற்றையும் விசாரித்தேன். பெட்ரோல் தொட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பத்து பகாட் சாலையிலுள்ள இன்னொரு போர்மேனிடம் காடியைக் கொண்டுபோனேன். அறுபது வயது தாண்டியவர். நான் பேசி முடிப்பதற்குள் ஜாக்கி போட்டுத் தூக்கி, பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார்.

"தம்பி, இந்தப் பம்பு தள்ளுறதுல புலி. உறிஞ்சுறதுல பூனை" என்றார்.

அவர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. பழைய சாகாவில் பெட்ரோல் பம்பு இயந்திரத்தின் மேலேயே இருக்கும். கேம் தண்டு அதை மிதித்து ஓட்டும். அது தரும் அழுத்தம் கால் பார் அளவுதான். கார்புரேட்டருக்கு அது போதும். கார்புரேட்டருக்குள் மிதவை உள்ள ஒரு சிறு கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் சேமிப்பில் இருக்கும். வளைவில் தொட்டிப் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் இரண்டு விநாடி காற்றை உறிஞ்சினாலும் இயந்திரத்துக்குத் தெரியாது. அப்பா ஓட்டியபோது நிற்காததற்குக் காரணம் அந்தக் கிண்ணம்.

இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 3 பார் அழுத்தம் வேண்டும், பத்து மடங்குக்கும் மேல். அதற்கு மின்சாரப் பம்பு. கிண்ணம் கிடையாது. பம்பு காற்றை விழுங்கினால் அழுத்தம் சரிந்து, அந்த நொடியே இயந்திரம் அணையும். போதாததற்கு, பம்பைக் குளிர்விப்பதும் அதற்கு வழவழப்புத் தருவதும் அதனுள் ஓடும் பெட்ரோல்தான். வறண்டு சுற்றினால் சீக்கிரம் சாகும். இன்ஜெக்‌ஷன் காடிகளின் தொட்டிக்குள் தடுப்புகளோ சிறு கூடையோ வைத்துப் பம்பையும் உள்ளேயே மூழ்க வைப்பது இதற்காகத்தான். என் காடியில் பழைய தொட்டியை அப்படியே விட்டு, வெளியே ஒரு பம்பை மாட்டிக் கொடுத்திருந்தார்கள்.

வழிகள் மூன்று என்றார். ஒன்று, இன்ஜெக்‌ஷன் காடியின் தொட்டியையே மாட்டுவது. அளவும் தாங்கிகளும் பொருந்தினால் இதைவிடச் சுலபம் வேறில்லை, பொருந்துவதுதான் அபூர்வம். இரண்டாவது, இருக்கும் தொட்டியின் மேல்பக்கத்தை வெட்டி, வளையம் பற்றவைத்து, பம்பை உள்ளே இறக்குவது. சத்தம் குறைவு, பம்பு குளிர்ச்சியாக இருக்கும். எனக்கும் அதுதான் பிடித்தது. "செய்யலாமே அண்ணே?" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, காலியான பெட்ரோல் தொட்டிதான் நிறைந்த தொட்டியைவிட ஆபத்து என்றார். நிறைந்த தொட்டிக்குள் எரிய ஆவிக்கு இடமில்லை. காலித் தொட்டியில் ஆவியும் காற்றும் கலந்து வெடிமருந்தாகக் காத்திருக்கும். பல மாதம் வெயிலில் காய்ந்த தொட்டியின் மடிப்புகளிலும் துருவிலும்கூடப் பெட்ரோல் ஒளிந்திருக்கும். சூடு பட்டதும் ஆவியாகும். நீராவியில் கழுவி, உள்ளே மந்த வாயு நிரப்பி, அதையே தொழிலாகச் செய்பவர்தான் தொட வேண்டும். "நான் தொடமாட்டேன்" என்று முடித்துக்கொண்டார். நாற்பது வருட அனுபவம் உள்ளவர் தனக்குத் தெரியாததை இப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம். பழைய தொட்டிக்கும் உயர் அழுத்தப் பம்புக்கும் நடுவே ஒன்றரை லிட்டர் பிடிக்கும் ஒரு சிறு தொட்டி. சர்ஜ் டேங்க் என்பார்கள். குறைந்த அழுத்தப் பம்பு ஒன்று பெரிய தொட்டியிலிருந்து இதை நிரப்பிக்கொண்டே இருக்கும். இதன் அடியிலிருந்து பெரிய பம்பு எடுக்கும். இயந்திரம் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பும் பெட்ரோல் இதற்கே வரும். மிஞ்சியது மேல்குழாய் வழியாகப் பெரிய தொட்டிக்குப் போகும். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும் காடி, வளைவின் சில நூறு மீட்டரில் இதில் எவ்வளவு குடித்துவிடப் போகிறது? அப்பாவின் தொட்டியை வெட்டவும் வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பம்பு, கூடுதல் குழாய் இணைப்புகள், கொஞ்சம் இரைச்சல். பூட்டுக்குள் வைக்கலாம் என்றேன், இடம் இருந்தது. பின் இருக்கைக்கு அப்பால் குடும்பம் உட்காரும் இடத்தில் பெட்ரோல் ஆவியா என்று முறைத்தார். தரையில் இடிபடாதபடி காடிக்கு அடியில் கவசத் தகடோடு வைத்தார்.

தொட்டியைக் கழற்றியபோது அடியில் செம்மண் நிறத்தில் துரு. அதைச் சுத்தம் செய்து, பம்புக்கு முன்னால் பெரிய கண் வடிகட்டி, பின்னால் நுண்ணிய வடிகட்டி போட்டார். பழைய கார்புரேட்டர் ரப்பர் குழாயையே 3 பார் அழுத்தத்துக்கும் விட்டிருந்ததைக் காட்டினார். விரலால் மடக்கியதும் வெடிப்பு தெரிந்தது. எல்லாவற்றையும் இன்ஜெக்‌ஷனுக்கான குழாயாக மாற்றினார்.

கடைசியாக அவர் காட்டியதுதான் என்னை உறையவைத்தது. பம்பின் வயரை நேரே சாவி சுவிட்சில் இணைத்திருந்தார்கள். அப்படியென்றால் இயந்திரம் அணைந்தாலும், சாவி போட்டிருக்கும்வரை பம்பு ஓடும். இயந்திரத்தோடு சேர்ந்து நின்றுவிடும் அப்பா காலத்துப் பம்பு போலல்ல இது. அன்று அந்த லோரி இடித்து, குழாய் அறுந்திருந்தால், பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருந்திருக்கும். அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்தை நினைத்துக்கொண்டேன். இயந்திரம் சுற்றும்போது மட்டும் பம்புக்கு மின்சாரம் தரும்படி இசியூ வழியாக ரிலே போட்டு, மோதினால் துண்டிக்கும் சுவிட்சும் வைத்தார்.

இயந்திரத்துக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்குதான் இதற்கெல்லாம் ஆனது.

போன ஞாயிறு அதே வளைவு, வேண்டுமென்றே கால் தொட்டியோடு. அம்மா மடியில் பத்து வெள்ளி மீன் உருண்டைப் பொட்டலம். கிளம்பும்போது சாவியைத் திருப்பியதும் அடியில் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்டு அடங்கியது.

"என்னா அது, வண்டு மாதிரி?"

"பம்பும்மா."

"அப்பா காடியில அப்படிச் சத்தமே வராது" என்றார். வளைவு வந்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டோல் சாவடி தெரிந்த பிறகுதான் விட்டார்.